பாங்கி எந்த ஆற்றில் இருக்கிறது?

சேசு மரி சூசை துணை

சைகோன்
11 ஜூன் 1934

பிரியமுள்ள உங்களுக்கு,

நீங்க மாற்றலாகி ராச்யா ஊருக்குப் போய்ச் சேர்ந்த சேதியை உங்க பழைய பியூரோவுல இருக்கிற சேவகன் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். படகுத்துறையில நான் நின்னது உங்க கண்ணுல பட்டிருக்கும். படகு திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஆத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.

இப்ப மத்தியானம். ஊர் முழுக்கத் தூங்குது. புளியமரத்து நிழல்ல ரிக்‌ஷாக்காரங்க, பென் தான் சந்தையில தராசுத் தட்டுலேயே தலையை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை, கோவில் பக்கம் மாடுகூடக் கண்ணை மூடி அசை போடுது. மழை வரப்போகுதுன்னு காத்து சொல்லுது, ஆனா அதுக்கும் தூக்கம். நான் ஒருத்திதான் முழிச்சிருக்கேனோன்னு பயமா இருக்கு.

உங்களை மாத்தினதுக்கு நான்தான் காரணம்னு வீட்டுல ஒரு வார்த்தை பேசாமலேயே சொல்லிட்டீங்க. நான் என்ன பண்ணினேன்? மேக்கோங் பாங்கி கதவைச் சாத்திருச்சு. பாங்கியை நடத்துற திரெக்தேருங்க தங்களுக்கு வேண்டியவங்களுக்கு ரப்பர் தோட்டம் வாங்க ஈடு இல்லாம அள்ளிக் கொடுத்தாங்க. ரப்பர் விலை விழுந்துச்சு. வாங்கினவங்க கையை விரிச்சாங்க. என் பள்ளிக்கூடச் சம்பளத்துல மிச்சம் பிடிச்சது, பக்கத்து வீட்டு ஜெய்த்தூன் பீவியோட துணிக்கடை முதல், பால்காரத் தாயம்மா ரெண்டு மாடு வாங்கச் சேர்த்தது, எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாடி. பாங்கி விழுந்தா ஊரே விழும்னு சொல்லி அதோட நஷ்டத்தைச் சர்க்கார் தன் தலையில போட்டுக்குதாம். பாரீசுல கடன் எடுத்து, அங்க பாங்கிப் பத்திரம் வாங்கின பெரிய மனுஷங்களுக்கு முதல்ல கொடுப்பாங்களாம். நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பிறகு பார்க்கலாமாம். அந்தக் கடனை அடைக்க வரி. சர்க்காருக்கு ஏது தலை? நம்ம தலைதான்.

அதை விளக்க சர்க்கார் அதிகாரிங்க ஒரு கூட்டம் போட்டு, "யாருக்காவது சந்தேகம் உண்டா?"ன்னு கேட்டாங்க. நான் எழுந்து, "கடன் வாங்கித் திருப்பாதவங்க யாருன்னு சொல்ல முடியுமா, முசியே?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். உட்காருடின்னு நீங்க என் புடவை முந்தியை இழுத்தீங்க. மறு வாரமே உங்களுக்கு மாற்றல் உத்தரவு.

கோபம் இருக்கட்டும். ஒரு காரியம் கேக்கணும். திரெக்தேருங்களைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கச் சொல்லிக் கோர்ட்டுல மனு போடலாம்னு வக்கீல் சொல்றார். ஆனா கல்யாணமானவ புருஷன் எழுத்து மூலமா அனுமதி கொடுக்காம கோர்ட்டுப் படி ஏறக்கூடாதாம். பிரெஞ்சுச் சட்டம். பணம் என்னுது, பேர் என்னுது, ஆனா வாய் உங்களுது.

ஒரு கையெழுத்து அனுப்புங்க. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை பெட்டியில இடது பக்கம் இருக்கு. ராத்திரி கொசுவலை கட்டாம படுக்காதீங்க.

உங்கள்
ஜூலியேத்

---

ராச்யா
27 ஜூன் 1934

ஜூலியேத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். கொய்னா மாத்திரையும் கிடைத்தது.

இந்த ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. புதுச்சேரியில் கடலிலிருந்து அது எழுவதைப் பார்த்த கண்ணுக்கு இது என்னவோ கதவு சாத்துவது போல இருக்கிறது. சாயங்காலம் படகுகள் கரைக்கு வருவதில்லை, மிதந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. பியூரோவில் ஒரு மேசை, ஒரு விசிறி, மலேரியாவில் பாதி நாள் படுத்திருக்கும் மேலதிகாரி, அந்த ஷெஃப். மூன்று மணிக்கு மேல் காகிதத்தின் மேல் எழுத்துகள் நீந்துவது போலத் தோன்றும். இதற்குத்தானே என்னை அனுப்பினார்கள். சைகோன் கருவூலத்தில் அடுத்த வருஷம் எனக்கு மேல்பதவி வந்திருக்கும். வாழ்த்துகள்.

நீ கேட்ட கையெழுத்தை நான் போடமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன். பணம் போனது உனக்கு மட்டும் அல்ல. ஓட்டுரிமை உள்ள நம் புதுச்சேரி ஆட்கள் எத்தனை பேர் சைகோனில் இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவர் வாய் திறந்தாரா? திறக்கமாட்டார்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது, வேலைக்கு மேல் ஒரு ஷெஃப் இருக்கிறான், ஷெஃப் அந்தத் திரெக்தேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுகிறான். தூங்குகிற ஊரில் நீ ஒருத்தி மணி அடித்தால், எழுந்தவர்கள் முதலில் உன்னைத்தான் திட்டுவார்கள்.

என்னிடமும் முன்பே கேட்டிருக்கலாம். கூட்டத்தில் எழுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அதுதான் எனக்குக் குறை.

வெள்ளைச் சட்டைகள் இரண்டு அனுப்பு. இங்கே எதுவும் காய்வதில்லை.

கப்ரியேல்

---

சைகோன்
19 ஜூலை 1934

பிரியமுள்ள உங்களுக்கு,

சட்டை ரெண்டும் இந்தப் படகுல வருது. காலர் பிரிஞ்சிருந்தது, தைச்சிருக்கேன்.

உங்க பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்னு எழுதினீங்க. திரும்பியிருந்தா எழுந்திருக்க மாட்டேன். அதுதான் நிசம். அது உங்களுக்கு வலிச்சிருக்கும்னு இப்பத்தான் புரியுது.

பாங்கியில பணம் போட்டவங்களை ஒரு இடத்துல கூட்டலாம்னு ஜெய்த்தூன் பீவியும் நானும் வீடு வீடா போனோம். "வர்றோம் மதாம், கட்டாயம் வர்றோம்"னு எல்லாரும் சொன்னாங்க. காப்பி கொடுத்தாங்க. ஒரு வீட்டுல பாட்டுப்பெட்டி வச்சாங்க. ஜெய்த்தூன் பீவியோட கடை மாடியில நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, பூ வச்சு, காத்திருந்தோம். மழை நல்லா பெஞ்சுது. வந்தது தாயம்மா, ஒரு கிழட்டுக் காவல்காரர், வழி தெரியாம உள்ள வந்த ஒருத்தர். அவர் பட்டு விலை கேட்டுட்டுப் போயிட்டார்.

காலி நாற்காலிங்களைப் பார்த்து ஜெய்த்தூன் பீவி சொன்னாங்க: "நல்லதுதான்மா. இவ்வளவு பேரு வரலேன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. முன்னெல்லாம் அதுகூடத் தெரியாது." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மனுவுல அவங்க முதல் ஆளாக் கையெழுத்துப் போட்டாச்சு. "எங்க மார்க்கத்துல என் சொத்துக்கு நான்தான் கையெழுத்து. எங்க வூட்டுக்காரவுக காரைக்கால்ல இருக்காக, அவுகளைக் கேக்கணும்னு வக்கீலுக்கு என்ன?"ன்னு கேட்டாங்க. வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார்.

ஆனா நம்ம மாதா கோவில் பெண்டுகள்? அவங்கள்ல ஒருத்தி மரிகிட்ட கேட்டேன், பூசை முடிஞ்சு வெளிய வரும்போது. குடையை விரிச்சுக்கிட்டே, "உங்க வீட்டுக்காரரே போடலையே, எங்க வீட்டுக்காரர் எப்படிப் போடுவார்?"னு சொன்னா. அவ பின்னாடி இன்னும் நிறைய குடைங்க. எல்லாம் நின்னு, என்னைப் பார்த்து, பிறகு நகர்ந்து போச்சு. ஒரு குடைக்கு அடியிலயும் முகம் தெரியலை.

அன்னிக்கு மத்தியானம் தூங்கினப்ப ஒரு கனவு. பாங்கியோட பெரிய தூணுங்க ஒவ்வொண்ணா ஆத்துல இறங்கி நடந்து போகுது. கரையில ஊர் சனங்க வேடிக்கை பாக்குது. யாரோ ஒருத்தர் ரொம்ப மரியாதையா தூணுக்குத் தொப்பியைக் கழட்டுறார். முழிச்சப்ப தலையணை ஈரமா இருந்துச்சு. கூரை ஒழுகுது. அதையும் நீங்கதான் வந்து பார்க்கணும்.

ஜூலியேத்

---

ராச்யா
22 ஆகஸ்ட் 1934

ஜூலிக்கு,

சட்டைகளுக்கு நன்றி. தாமதமாக எழுதுகிறேன். பியூரோவில் இல்லை, வயல்களுக்குப் போயிருந்தேன்.

வயல் என்று சொல்கிறேன், ஆனால் இப்போது எல்லாம் ஒரே தண்ணீர். வானமும் தண்ணீரும் ஒரே நிறம். சின்னப் படகில் போகும்போது நாம் நகர்கிறோமா, உலகம் நகர்கிறதா என்று தெரிவதில்லை. கொக்குகள் தண்ணீரின் மேல் நிற்பது போலவே மேகத்தின் மேலும் நிற்கின்றன. வீடுகள் கால் முளைத்து நிற்கின்றன. இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. குரல் அவ்வளவு தூரம் போகும்.

ஷெஃப் காய்ச்சலில் இருப்பதால் நிலவரியோடு ஒரு புதுக் கூடுதல் வரியை வசூலிக்க என்னை அனுப்பினார். சுற்றறிக்கையில் முதல் பக்கத்தில் "அசாதாரணச் செலவுகள்" என்று மட்டும் இருக்கிறது. உள்ளே கடைசிப் பக்கத்தில்தான் எந்தச் செலவு என்று இருக்கிறது. நீ யூகித்திருப்பாய். மேக்கோங் பாங்கியின் நஷ்டம். கடன் இன்னும் தீர்மானமே ஆகவில்லை, வரி முந்திக்கொண்டது.

லான் என்று ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண்கள், கொஞ்சம் நிலம். நெல் விலை விழுந்ததில் போன வருஷ வரிக்கே எருமையை விற்றவள். என் படகு அவள் வீட்டுத் தூணில் கட்டியிருந்தது. அவள் மீன் சுத்தம் செய்துகொண்டே கேட்டாள்:

"இந்தக் கூடுதல் எதற்கு, ஐயா?"

நான் உத்தியோக வழக்கப்படி, "சர்க்கார் செலவு" என்றேன்.

"எந்தச் செலவு? பாலமா? கால்வாயா?"

ஏனோ பொய் சொல்ல வரவில்லை. அந்தத் தண்ணீரில் பொய் மிதக்கும் போல இருந்தது. "ஒரு பாங்கி நொடித்துப் போயிற்று. அதற்கு" என்றேன்.

அவள் யோசித்தாள். "பாங்கி என்றால் என்ன? அது எந்த ஆற்றில் இருக்கிறது?"

கிண்டல் இல்லை, ஜூலி. நொடித்துப் போவது என்றால் அவளுக்குப் படகு கவிழ்வதுதான் தெரியும். எந்த ஆற்றில் கவிழ்ந்தது, அதில் தன்னுடைய சரக்கு ஏதாவது இருந்ததா என்று அறிய விரும்பினாள். இல்லை என்றேன். அப்படியானால் யாருடைய சரக்கு என்றாள். நீ அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டதும் இதைத்தான்.

வசூலிக்காமல் படகை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.

கையெழுத்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு.

கப்ரியேல்

---

சைகோன்
9 செப்டம்பர் 1934

பிரியமுள்ள உங்களுக்கு,

இனிமே பொறுக்க வேண்டாம். கையெழுத்து வேண்டாம்.

சர்க்கார் சபையில பாங்கிக்கான அந்தக் கடன் தீர்மானம் நிறைவேறிருச்சு. நான் பார்வையாளர் மாடியில இருந்தேன், ஜெய்த்தூன் பீவியோட. கீழே ஒருத்தர் வாசிச்சார். வாசிக்க வாசிக்க விசிறி சுத்துது, ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டார், இன்னொருத்தர் நகத்தைப் பாக்குறார். ஊரையே பல வருஷத்துக்குக் கடன்ல எழுதி வைக்கிறாங்க. ஒருத்தர் குரல்லயும் ஏத்த இறக்கம் இல்லை. கை தூக்கச் சொன்னாங்க. கையெல்லாம் மெதுவா, தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மேல வந்துச்சு. நம்ம புதுச்சேரிக்காரங்க ஓட்டுல ஜெயிச்சுப் போனவரும் தூக்கினார். மாடியில எங்களைத் தவிர யாரும் இல்லை.

எங்க பள்ளிக்கூடத்துக் கன்னியர் தலைவி மேர் சுப்பீரியர் என்னைக் கூப்பிட்டு, "மகளே, பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடு. மற்ற கணக்கு சர்வேசுரனுக்கு" அப்படின்னாங்க. கோபமா சொல்லலை. அன்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. அதுலதான் நான் உடைஞ்சு போனேன். கோபத்தைத் தாங்கிருவேன். எல்லாரும் அன்பா, மெதுவா, தூங்குன்னு சொல்றாங்க. எனக்கும் தூக்கம் வருது.

அதனால யோசிச்சுட்டேன். உங்க பெரிய ஷெஃபுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதப்போறேன். அறியாம பேசிட்டேன், என் புருஷனுக்கு அதுல சம்பந்தம் இல்லைன்னு. மாதிரி எழுதி வச்சிருக்கேன். அவர் நல்லவர்னு சொல்றாங்க. கிறிஸ்மசுக்கு முன்னாடி நீங்க திரும்பி வந்துரலாம். கூரை இப்ப சமையலறைப் பக்கமும் ஒழுகுது. தட்டு வச்சிருக்கேன். சொட்டு விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

ஜெய்த்தூன் பீவிகிட்ட சொன்னேன். அவங்க தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க, ரொம்ப இனிப்பா.

உங்க
ஜூலி

---

ராச்யா
20 செப்டம்பர் 1934

என் ஜூலி,

அந்தக் கடிதத்தை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் ஓடிப்போய்த் திரும்ப வாங்கு. பியூரோ சேவகனுக்குக் காசு கொடுத்தாவது வாங்கு.

இத்துடன் அனுமதிப் பத்திரம் இருக்கிறது. பத்திரம் எழுதும் நோட்டேர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன். "என் மனைவி ஜூலியேத் தன் பெயரில் வழக்குத் தொடுக்கவும், எந்த நீதிமன்றத்திலும் பேசவும்" என்று அவன் எழுதினான். "எந்தக் கூட்டத்திலும்" என்று சேர்க்கச் சொன்னேன். அது சட்டத்துக்குத் தேவை இல்லை என்றான். எனக்குத் தேவை என்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மறுபடி வசூலுக்குப் போகச் சொன்னார்கள். போகும் வழியில் சந்தைக் கரை. விடிகாலை, பனி இன்னும் தண்ணீரின் மேல் கிடந்தது. காய்கறிப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அறிவிப்பை ஊர்ப் பலகையில் ஒட்டிவிட்டு நகர்வதுதான் வழக்கம். பிரெஞ்சில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அன்று ஒட்டிய பிறகு கால் நகரவில்லை. கடைசிப் பக்கத்தை இந்தச் சனங்கள் பேசும் அனாமியர் பாஷையில் வாசிக்க ஆரம்பித்தேன். வேறொன்றும் சேர்க்கவில்லை, ஜூலி. ஒரு திட்டு இல்லை, ஒரு கருத்து இல்லை. பாங்கியின் பெயர், நஷ்டம் எதனால் வந்தது, அதை யார் ஏற்கிறார்கள், எத்தனை வருஷம். சர்க்கார் அச்சடித்ததைச் சர்க்கார் சிப்பந்தி நான் வாசித்தேன்.

முதலில் என் குரல் எனக்கே யாரோ தூரத்தில் பேசுவது போலக் கேட்டது. யாரும் கவனிக்கவில்லை. வாத்து விற்றார்கள். பிறகு துடுப்புச் சத்தம் நின்றது. பனிக்குள்ளிருந்து படகுகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பி வந்தன. ஒருத்தர், "மறுபடியும் வாசி" என்றார். வாசித்தேன். பிறகு வேறு பக்கத்திலிருந்து, "மறுபடியும்." தொண்டை கட்டும்வரை வாசித்தேன். அவர்கள் கூச்சல் போடவில்லை. கேட்டார்கள். நாம் எல்லோரும் சொல்கிறோமே, சனங்களுக்கு அக்கறை இல்லை என்று. அவர்களிடம் அவர்கள் பாஷையில் யாரும் எதையும் வாசித்ததே இல்லை.

அன்று மாலை ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஷெஃபிடம் போனார்கள், அறுவடைக்கு முன் கூடுதல் வரி கட்ட முடியாது என்று. மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சம்பளம் கிடையாது. விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது.

பயமாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் நேற்று மத்தியானம் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

போய் மனுவைக் கொடு.

உன்
கப்ரியேல்

---

சைகோன்
2 நவம்பர் 1934

என் பிரியமானவருக்கு,

மன்னிப்புக் கடிதத்தை நான் அனுப்பவே இல்லை. தபால் தலை ஒட்டி மேசையில வச்சிருந்தேன். உங்க கடிதம் வந்த அன்னிக்கே கிழிச்சுட்டேன், தபால் தலையை மட்டும் நனைச்சு எடுத்துட்டு.

உங்க பத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். மரி வாங்கிப் படிச்சா. "எந்தக் கூட்டத்திலும்"ங்கிற இடத்துல நின்னுட்டா. "இதை அவரேவா எழுதச் சொன்னாரு?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "வேலை போயிருச்சாமே?" ஆமான்னேன். அடுத்த ஞாயிறு அவ புருஷனையும் கூட்டிக்கிட்டு வந்தா. அவர் என் முகத்தைப் பாக்காம கையெழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருத்தரா. நிறைய பேர்னு சொல்லமாட்டேன். ஜட்ஜு மனுவைத் தள்ள முடியாத அளவுக்கு.

பெரிய திரெக்தேர் பிரான்சுக்குக் கப்பல் ஏறுறதா இருந்தார். பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. விசாரணை முடியாம ஊரை விட்டுப் போகக்கூடாதுன்னு உத்தரவு. பெட்டிங்க மட்டும் மார்செய் துறைமுகத்துக்குப் போயிருச்சு. முந்தாநாள் அவரைக் கோர்ட்டுல கூப்பிட்டாங்க. பின்பக்கம் நிக்க இடம் இல்லை. ஈரக் குடையும் மல்லிகையும் சுருட்டும் கலந்து ஒரு வாசனை. ஈடு இல்லாமக் கடன் கொடுத்தது யாருக்குன்னு ஜட்ஜு கேட்டார். "ஞாபகம் இல்லை"ன்னார். அடுத்ததுக்கும் ஞாபகம் இல்லை. அப்ப தாயம்மா, தமிழ்லதான், பக்கத்துல இருந்த ஜெய்த்தூன் பீவிகிட்ட கேட்டா: "பாவம், உடம்புக்கு முடியலையா?" சத்தமா கேட்டுட்டா. தமிழ் தெரிஞ்சவங்க சிரிச்சாங்க. தெரியாதவங்க என்னன்னு கேட்டு, சொல்லச் சொல்ல, சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சா பிரெஞ்சுல, அனாமியர் பாஷையில, சீனத்துல முன்பக்கம் போச்சு. ஜட்ஜு மணி அடிச்சார். திரெக்தேர் திரும்பி எங்களைப் பார்த்தார். இவ்வளவு நாளும் நாங்க இருந்ததே அவருக்குத் தெரியாதுன்னு அந்த முகத்துல தெரிஞ்சுது. பிறகு மெதுவா ஒரு பேரைச் சொன்னார். அதுக்கு அப்புறம் இன்னொண்ணு.

கடன் தீர்மானம் அப்படியேதான் இருக்கு. வரியும் இருக்கு. என் பணம் திரும்புமான்னு வக்கீலுக்கே தெரியலை. வழக்கு வருஷக்கணக்கா இழுக்குமாம். மேர் என்னை இன்னும் வேலையை விட்டு நிறுத்தலை. பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுறாங்க.

உங்களுக்கு வேலை இல்லேன்னா என்ன, ஜெய்த்தூன் பீவி கடையில கணக்கு எழுத ஆள் வேணுமாம். "தம்பி கணக்கைச் சத்தமாப் படிக்குமாமே, எங்களுக்கு அது தான் வேணும்"னு சொன்னாங்க.

எப்ப விடுவாங்க உங்களை?

ஜூலி

---

ராச்யா
25 நவம்பர் 1934

ஜூலி,

விட்டுவிட்டார்கள். உத்தியோகத்திலிருந்தும் ஊரிலிருந்தும். நாளைக் காலைப் படகு. இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, என்னோடேயே வருமா, தெரியாது. இருந்தாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் மட்டும் கூடுதல் வரியை அறுவடை முடியும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். ரத்து இல்லை. தள்ளிவைப்பு. தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. வயல்களில் பச்சை தலை நீட்டுகிறது. சாயங்காலம் அந்தப் பச்சைக்குள் சூரியன் இறங்கும்போது ஊரே நீருக்கடியில் இருப்பது போல இருக்கிறது.

இன்று லான் தன் பெண்களோடு படகில் வந்தாள். கருவாடு ஒரு கட்டு கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சைகோனில் நடக்கும் வழக்கைப் பற்றி நீ எழுதியதை அவளுக்குச் சொன்னேன். திரெக்தேர் பெயர்களைச் சொன்னார் என்றதும், "எல்லாப் பெயரும் சொன்னானா?" என்றாள். இல்லை, இன்னும் இருக்கிறது என்றேன்.

படகை அவிழ்த்த பிறகு துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்தினாள். "நீங்கள் ஜெயித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தோற்றாலும் சொல்லி அனுப்புங்கள். இதுவரை யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லி அனுப்பியதில்லை."

சரி என்றேன். எந்த முகவரிக்கு என்று கேட்கும்போதே படகு நகர்ந்துவிட்டது. கடிதம் வந்தால் யாராவது சந்தைக் கரையில் வாசித்தால் போதும் என்று அவள் பெரிய பெண்தான் திரும்பிப் பார்த்துக் கூவினாள். தண்ணீரின் மேல் அந்தக் குரல் ரொம்பத் தூரம் வந்தது.

கப்ரியேல்